இடப்பக்கப் பின் ரயர்

நான் வாங்கிய காரைப் பார்த்துவிட்டு எங்கள் ஒழுங்கையில் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "மிச்சம் எப்ப வரும்?" என்பது. கேட்டவர் முன்வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. கார் அவ்வளவு சிறியது. இரண்டே இரண்டு இருக்கைகள், ஒரு சோடிச் செருப்பும் ஒரு குடையும் வைக்கக்கூடிய பின்பெட்டி, என் இடுப்புக்குச் சற்று மேலே வருகிற கூரை. ஜப்பானில் பிறந்து கொழும்பில் வளர்ந்த கார். அங்கே அதை வைத்திருந்த இளைஞர் ஸ்பிறிங்குகளை மாற்றி, வயிறு தரையை முத்தமிடுகிற அளவுக்குக் கீழே இறக்கியிருந்தார். எனக்கு அதுதான் பிடித்தது.

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் கீறிக் கொடுப்பது என் தொழில். இத்தனை வருடமும் மற்றவர்களுடைய குசினிக்கும் குளியலறைக்கும் சாமி அறைக்கும் அளவு பார்த்தவள். நாற்பதைத் தாண்டிய பிறகு, யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாத அழகான பொருள் ஒன்று எனக்கு வேண்டுமென்று தோன்றியது. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தக் கார் என்று கேட்டவர்களுக்கு, ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி என் காதுபடக் கேட்கப்படவில்லை.

கொக்குவில் வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், என் அம்மா. கணவர் வடமராட்சிக் கரையோரக்காரர். அவருடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். எந்த வாகனத்தையும் படகாகவே பார்ப்பார். ஆளும் சாமானும் ஏறாவிட்டால் அவருக்கு அது வாகனமே அல்ல. அம்மா பண்டத்தரிப்பில் பிறந்தவர். மிஷன் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கணக்குப் படிக்காத ஆளை வலிகாமத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்பா போன பிறகு அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைதான் வாரத்தின் நடுத்தூண். கார் வந்த முதல் ஞாயிறு, வெள்ளைச் சேலை உடுத்து, வேதாகமத்தை மடியில் வைத்து, என் பக்கத்தில் ஏறி இருந்தார்.

எங்கள் வீட்டிலிருந்து எங்கே போவதென்றாலும் புகையிரதக் கடவையைத் தாண்ட வேண்டும். தண்டவாளத்தின் மேல் சில்லு ஏறி இறங்கியபோது காரின் பின்பக்கம் "கர்ர்ர்" என்று கத்தியது. ஆடு ஒன்று மாட்டிக்கொண்டதோ என்று கடவைக் காவலாளி ஓடி வந்து குனிந்து பார்த்தார். ஆடு இல்லை. இடப்பக்கப் பின் ரயர் மட்காட்டின் உள்விளிம்பில் உரசியிருந்தது. நான் தனியே ஓடியபோது ஒரு நாளும் கேட்காத சத்தம். அம்மா இருந்தது இடப்பக்கம்.

சேர்ச் வாசலில் தண்ணீர் போவதற்கு ஒரு வாய்க்கால். அதன் மேல் ஒரு மேடு. அங்கேயும் கர்ர்ர். ஆராதனை முடிந்து திரும்பி வெளியே வரும்போது இன்னொரு முறை. வாசலில் நின்ற ஓர் அம்மையார், நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார் என்று இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை, "ரீச்சர் ஏறினாப் பிறகுதானே சத்தம் வருது?" என்றார். அம்மா சிரித்தார். அடுத்த ஞாயிறு நான் வெளிக்கிட்டு வரும்போது அவர் ஓட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். காற்று வரும், நல்லது என்றார். எங்கள் ஊர் ஓட்டோவில் காற்றைவிடப் புழுதிதான் அதிகம் வரும்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய காரின் பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்க, பெற்ற தாய் ஓட்டோவில் எனக்கு முன்னால் போகிறார். நான் பின்னால் புழுதி குடித்துக்கொண்டு போகிறேன். அதோடு பண்டத்தரிப்புச் சேர்ச்சில் அறுவடைப் பண்டிகை வந்துகொண்டிருந்தது. அது அவர் ஞானஸ்நானம் பெற்ற சேர்ச். அவ்வளவு தூரத்துக்கு ஓட்டோவில் அவருடைய முதுகு தாங்காது. பண்டிகைக்கு அம்மா என் பக்கத்தில் இருந்து வர வேண்டும், ஒரு சத்தமும் இல்லாமல் அந்த வாசலில் இறங்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

காரை ஓர் அங்குலம் உயர்த்தினால் விசயம் முடிந்தது என்று கணவர் சொன்னார். அன்று பின்னேரம் வரை நான் அவரோடு கதைக்கவில்லை. இறக்கிய காரை உயர்த்துவதும் நீளமாக வளர்த்த கூந்தலை வெட்டுவதும் ஒன்று. செய்யலாம், ஆனால் மற்றவன் சொல்லிச் செய்யக் கூடாது. மட்காட் விளிம்பைச் சுத்தியலால் தட்டி உள்ளே மடிக்கலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். சுத்தியல் என்ற சொல்லைக் கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மிஞ்சிய வழி சில்லையும் ரயரையும் மாற்றுவது.

காரோடு வந்தவை பதினேழு அங்குலச் சில்லுகள், 215/40 ரயர். இதைப் படிக்கத் தெரியாமல்தான் நானும் வாங்கினேன். முதல் இலக்கம் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, ரயரின் பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை வீதம் உயரம் என்பது. கடைசி இலக்கம் உள்ளே இருக்கிற றிம்மின் விட்டம், அது அங்குலத்தில். ஒரே ரயரில் மில்லிமீற்றரும் வீதமும் அங்குலமும். இதை ஏற்படுத்திய மனிதன் என்னிடம் வரைபடம் கொண்டுவந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் கணக்குப் பிடிபட்ட பிறகு எனக்கு அதில் ருசி பிடித்துவிட்டது. காருக்குப் பிறப்பிலேயே இருந்த அளவு பதினைந்து அங்குலம், 195/50. முழு விட்டம் ஐந்நூற்று எழுபத்தாறு மில்லிமீற்றர். கொழும்பு இளைஞர் போட்டிருந்தது அறுநூற்று நாலு. அகலமும் கூட, உயரமும் கூட, போதாததற்குச் சில்லு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டும் நின்றது. அது உரசாமல் வேறு என்ன செய்யும்?

காங்கேசன்துறை வீதியில் ஒரு ரயர் கடை. முதலாளி என்னிலும் இளையவர், அம்மாவிடம் படித்தவர். நானும் கணவரும் போய் விசயத்தைச் சொன்னோம். அவர் பதினாறு அங்குலத்தில், உள்ளே நன்றாக அடங்கி நிற்கிற சில்லு ஒரு சோடியல்ல, நாலும் வைத்திருந்தார். ஊதா கலந்த சாம்பல் நிறம், ஏழு கம்பிகள். பார்த்த உடனே இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குப் போடக்கூடிய ரயர் இரண்டு: 205/45 அல்லது 195/45. முதலாவது சில்லை நிறைத்துக்கொண்டு வாட்டசாட்டமாக நிற்கும். இரண்டாவது ஐந்து மில்லிமீற்றருக்குக் கிட்ட அரைவிட்டத்தில் சிறியது, இன்னொரு ஐந்து உள்ளே நிற்கும், பார்ப்பதற்குக் கொஞ்சம் நோஞ்சான். எனக்கு 205தான் வேண்டும். அது உரசுமா உரசாதா என்பது, இடப்பக்கம் எவ்வளவு பாரம் ஏறும் என்பதைப் பொறுத்தது என்று முதலாளி சொன்னார்.

அந்த இடத்தில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

கணவர் மெதுவாக அறுபது இருக்குமோ என்றார். சொல்லிவிட்டு, மாமியார் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பியும் பார்த்துக்கொண்டார். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. "சீச்சீ, எங்கடை ரீச்சருக்கு அறுவதோ? அம்பதுக்கு மேலை வராது" என்றார், தன்னைப் பற்றியே யாரோ அவதூறு சொன்னதுபோல. கணவர் உடனே ஓம், அம்பதுதான் வரும், சேலையோடு பார்த்ததால் அப்படித் தோன்றியது என்று பின்வாங்கினார். எங்கள் ஊரில் பெரியவர்களின் புகழைக் கூட்டிச் சொல்வோம். பாரத்தைக் குறைத்துச் சொல்வோம். அது மரியாதை. அம்மாவின் கையைப் பிடித்து எழுப்புகிறவள் நான். எனக்கு உண்மை தெரியாதா? ஆனால் ஐம்பது என்றால் 205 போடலாம். மரியாதை அன்றைக்கு எனக்கும் வசதியாக இருந்தது. ஐம்பது என்றே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

பக்கத்துக் கடையிலிருந்து ஐம்பது கிலோ சீமெந்துப் பை ஒன்று வந்தது. அதை அம்மாவின் இருக்கையில் இருத்தி, சீற் பெல்ற்றும் போட்டோம். முதலாளி 205ஐப் பூட்டி, ரயரின் தோள்பட்டை சுற்றிவர வெண்கட்டியால் பூசினார். ஓடிவிட்டு வந்து பார்க்கும்போது வெண்கட்டி எங்கேயாவது அழிந்திருந்தால் அந்த இடத்தில் உரசியிருக்கிறது என்று அர்த்தம். நான் சீமெந்தை ஏற்றிக்கொண்டு கடவையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். சத்தமில்லை. குனிந்து பார்த்தோம், வெண்கட்டி பூசியது பூசியபடி இருந்தது. மூன்று பேரும் பிளேன்ரீ குடித்தோம். வழியில் தெரிந்தவர் ஒருவர் கை காட்டினார், பக்கத்தில் இருந்தது யார் என்று பிறகு வீட்டில் விசாரித்தாராம்.

அம்மாவை ஏற்றுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. புதுச் சில்லு, சத்தமே வராது, ஒருக்கால் வந்து பாருங்கோ என்று நாலைந்து தரம் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கைப்பையையும் எடுத்துக்கொண்டு வந்து ஏறினார். நல்ல மனநிலை. சில்லின் நிறத்தைக் கேட்டார், ஏழு கம்பியையும் எண்ணினார். நான் பெருமையோடு கடவையில் ஏறினேன்.

கர்ர்ர்.

கடவைக் காவலாளி இந்த முறை ஓடி வரவில்லை. தூரத்தில் நின்றபடியே, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். நான் அப்பால் போய் ஓரமாக நிறுத்தினேன். அம்மா கைப்பையை மடியில் நேராக வைத்தார். கணக்குத் தவறிய பிள்ளையிடம் வழி என்ன என்று கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்:

"என்னத்தை வைச்சு அளந்தனீங்கள்?"

"சீமெந்துப் பை, அம்மா."

"எத்தினை கிலோ?"

"அம்பது."

என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு கைப்பை குலுங்கியது. "பாவாடை சட்டை போட்ட காலத்திலையே நான் அம்பதைத் தாண்டிப்போட்டன், பிள்ளை" என்றார். ஆர் சொன்ன கணக்கு இது என்று கேட்டார். நான் முதலாளியையும் மருமகனையும் தயங்காமல் காட்டிக் கொடுத்தேன். காரைக் கடைக்கு விடச் சொன்னார்.

கடையில் அம்மாவைக் கண்டதும் முதலாளி கையில் இருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றார். ரயர் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழும்பி நின்றார்கள்; அவர்களும் பழைய மாணவர்களோ, முதலாளி நிற்பதைப் பார்த்து நின்றார்களோ தெரியாது. நான் கணவருக்கும் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அவர் மோட்டார்சைக்கிளில் வந்து, யார் கண்ணிலும் படாமல் ஒரு ரயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, உள்ளே இருந்தபடியே விசாரணையைத் தொடங்கினார். தெரியாத கணியத்தை ஊகித்து எழுதச் சொல்லியா உனக்குப் படிப்பித்தேன் என்று கேட்டார். முதலாளி இல்லை ரீச்சர் என்றார். அளக்க வேண்டிய ஆள் ஒழுங்கைக்குள்ளே இருக்க, சீமெந்தை ஏன் அளந்தாய் என்று கேட்டார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று கணவர் ரயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். உங்களிட்டைப் பிறகு வாறன் தம்பி என்று அம்மா அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு தன்னுடைய பாரத்தைச் சொன்னார். கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். முதலாளி செவிடன்போல நின்றார். இரண்டாம் தரமும் சொல்லி, விளங்கிச்சோ என்று கேட்டார். அந்த இலக்கத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை; நான் எழுதுவதை எல்லாம் வாசிக்கிற முதல் ஆள் அம்மாதான்.

"உது இப்பத்தைய கணக்கு" என்றார். "கார் வந்த நேரம் உதிலும் நாலு கிலோ கூட."

ஏன் குறைந்தது, ஏதாவது நோய் வருத்தமோ என்று எனக்குத் திக்கென்றது. கேட்டேன்.

"வருத்தமும் இல்லை, ஒண்டும் இல்லை. நீ ஆசைப்பட்டு வாங்கின கார். என்ரை பாரத்தாலை அதுக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு இரவுச் சாப்பாட்டை விட்டிட்டன். இன்னும் கொஞ்சம் மெலிஞ்சால் பண்டிகைக்கு உன்னோடை வரலாமெண்டு பாத்தன்."

கொஞ்ச மாதமாக இரவில் ஒரு கோப்பைப் பாலோடு மேசையை விட்டு எழும்புவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன். கோபமென்றால் அது தானாக ஆறட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன். நான் காருக்குச் சில்லுத் தேடிய நாளெல்லாம் அம்மா தன்னைக் காருக்கு அளவாக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. ரயர் கடையில் அழுவதற்கு ஒதுக்குப்புறமான இடம் கிடையாது. கடைக்காரர்கள் எல்லாரும் திடீரென்று ஏதோ வேலையாக இருந்தார்கள். 195ஐப் பூட்டுங்கோ என்று முதலாளியிடம் சொன்னேன். ரயர் நோஞ்சானாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பூட்டி முடித்து, வெண்கட்டி பூசி, அம்மாவைத் திரும்ப ஏற்றிய பிறகு அளவு எடுத்தார்கள். பின்பக்கத்தில் இரண்டு பேர் கைகளை ஊன்றி, கடவையில் விழுவதுபோலக் காரை அமுக்கி அமுக்கி விட்டார்கள். அம்மா உள்ளே வேதாகமம் வாசிக்கிற முகத்தோடு மேலும் கீழும் போய் வந்தார். போதுமோ, இன்னும் பலமாக அமுக்கு என்று ஒரு தரம் கட்டளையும் இட்டார். முதலாளி மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்து, முதல் முறையாகச் சிரித்தார். வெண்கட்டி அழியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கடவையும் மறுபேச்சில்லாமல் எங்களை விட்டது.

பண்டிகை நாள் காலையில் மானிப்பாய், சண்டிலிப்பாய் எல்லாம் தாண்டிப் பண்டத்தரிப்புக்கு ஓடினோம். கணவர் பின்னால் மோட்டார்சைக்கிளில் வந்தார். இரண்டு இருக்கைக் காரில் மருமகனுக்கு அதுதான் இடம். அம்மா வழி நெடுக ஒவ்வொரு குழியிலும் காது கொடுத்துக்கொண்டு வந்தார். சேர்ச் வாசலில் அங்கேயும் ஒரு மேடு. ஏறி இறங்கினேன். ஒரு சத்தமும் இல்லை. அம்மா முதலில் இரண்டு காலையும் வெளியே வைத்து, என் கையைப் பிடித்து, சேலை கசங்காமல் எழும்பி நின்றார். நாலு பேர் பார்க்கிறார்களா என்று அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பார்த்தார்கள்.

ஆராதனை முடிந்து, சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்தவற்றை ஏலம் விட்டார்கள். வாழைக்குலை, முட்டை, முருங்கைக்காய்க் கட்டு, பாட்டுப் படிக்கிற நேரமெல்லாம் தானும் சேர்ந்து கூவிய ஒரு சேவல். அம்மாவின் கண் ஒரு பூசணிக்காயில் விழுந்தது. தங்கள் காணியில் காய்த்ததைப்போல இருக்கிறதாம். வேறு யாரும் கேட்க முதலே கையை உயர்த்தி உயர்த்தி அதை எடுத்துவிட்டார். அதைத் தூக்கிவர ஒரு ஆள் போதவில்லை. மதியச் சாப்பாட்டில் இரண்டாம் தரமும் சோறு வாங்கினார். பிறகு காரில் ஏறி இருந்து, பூசணிக்காயை மடியில் வைக்கச் சொன்னார். பின்பெட்டிக்குள் அது போகாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மோட்டார்சைக்கிளில் தான் கொண்டுபோகிறேன் என்று கணவர் சொன்னதற்கு விடவில்லை. "உது என்ரை. என்னோடைதான் வரும்" என்றார்.

வாசலில் அரைவாசிச் சபையும் நின்று விடைகொடுத்துக்கொண்டிருந்தது. மேட்டில் முன்சில்லு ஏறி இறங்கியது. பின்சில்லு ஏறி இறங்கியபோது, கர்ர். முந்தியதைப்போலப் பெரிய சத்தமில்லை. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கப் போதுமான சத்தம். அம்மாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

அவர் கண்ணாடியை முழுவதாக இறக்கினார். தலையை வெளியே நீட்டி, சபையைப் பார்த்து, வகுப்பறையின் கடைசி வாங்கு வரைக்கும் போகிற குரலில் சொன்னார்:

"அது நானில்லை, பூசணிக்காய்."

வாசல் முழுவதும் சிரித்தது. சிரித்த சிரிப்பில் நான் காரை நிறுத்திவிட்டேன். மோட்டார்சைக்கிளில் வந்த கணவர் என்ன நடந்தது என்று தெரியாமல் பின்னால் நின்று ஹோண் அடித்தார். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு, பொழுதுபட முதல் வீட்டுக்குப் போவம் என்றார். அன்று இரவு அந்தப் பூசணிக்காயில் ஒரு துண்டை வெட்டிப் பால்கறி வைத்தோம். நான் கேட்காமலே அம்மா தனக்கு ஒரு தட்டை எடுத்து வைத்து, புட்டைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.